கடலைக்காட்டின் வழியே ஓர் அதிவேக ரயில்

போன மாதம் இதே பக்கத்தில், மதுரைக்கு அதிவேக ரயில் வந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? காலையில் பசுமலையில் இட்லி, பகலில் சென்னையில் வேலை, சாயங்காலம் திரும்பி வந்து வீட்டுக் காபி... இப்படி ஆசையையெல்லாம் கொட்டியிருந்தேன். நிறைய பேர் பாராட்டி மெயில் அனுப்பினீர்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அந்தக் கனத்தை ஒரே ஒரு போன் கால் இறக்கி வைத்துவிட்டது.

கூப்பிட்டவர் பெரியசாமி மச்சான். என் அக்கா வீட்டுக்காரர். கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம் - கடலை, தென்னை, கொஞ்சம் மா.

"மாப்ள, நீ கேட்ட ரயிலு வருதாம். என் கடலைக்காடு வழியா."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஒரு சர்வே குழு வந்து மச்சானின் காட்டில் சிவப்பு பெயின்ட் அடித்த கல் ஒன்றை ஊன்றிவிட்டுப் போயிருக்கிறது. இன்னும் எதுவும் முடிவாகவில்லை, யோசனையில் இருக்கும் வழிகளில் இதுவும் ஒன்று என்று சொன்னார்களாம். ஆனால் கல் நின்ற இடம் கிணற்றிலிருந்து பத்தடி. அந்தக் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் மச்சான், அவருடைய தம்பிகள் என்று மூன்று குடும்பம் பிழைக்கிறது. சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் ரயில் திட்ட அதிகாரி வந்து விளக்கம் சொல்லப்போகிறார், நீதானே வேண்டும் என்று எழுதினாய், நீயே வந்து வேண்டாம் என்று பேசிவிட்டுப் போ என்றார் மச்சான்.

வேறு வழி? சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினேன்.

போய் இறங்கினால் வீட்டில் இன்னொரு சிக்கல். கயல்விழி லீவில் வந்திருந்தாள்.

கயல் மச்சானின் ஒரே மகள். சிவில் இன்ஜினீயர். நாலு வருஷமாக குஜராத் பக்கம் அதிவேக ரயில் பாதை கட்டும் இடத்தில் வேலை. பாதையைத் தாங்குகிற தூண்களுக்குக் கான்கிரீட் போடுவதை மேற்பார்வை பார்க்கிறாள். மஞ்சள் ஹெல்மெட்டோடு அவள் தூண் பக்கத்தில் நிற்கிற போட்டோவை மச்சான் யாருக்குத்தான் காட்டவில்லை? டீக்கடை, உரக்கடை, ஆஸ்பத்திரி வரிசை... எங்கே நின்றாலும் போனை எடுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் மூன்று நாளாக மகளோடு பேசவில்லை என்று அக்கா அடுப்படியில் வைத்து என் காதில் சொன்னாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான், கயல், நான் மூவரும் காட்டுக்குப் போனோம். கல்லைப் பார்த்தேன். ஒரு முழ உயரம்கூட இருக்காது. அதைச் சுற்றிக் கடலைச்செடி பூத்துக் கிடந்தது.

மச்சான் தன் பக்கத்து நியாயத்தை நிதானமாகச் சொன்னார். ரயில் இவர் காட்டைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் இவர் அதில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்து மதுரைக்குப் போக வேண்டும். ஊரில் ஒரு ரயிலும் நின்றது கிடையாது, இனி வருவதும் நிற்காது. பறக்கிறவர்கள் பறக்கட்டும்... அதற்கு நான் எதற்குக் கிணற்றைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

எனக்கு மிச்சமாகும் மணிகளை மட்டும்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த மணிகள் யார் கிணற்றைத் தாண்டி வருகின்றன என்று யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் மச்சான், மகளின் முகத்தைப் பார்க்காமல், கல்லைப் பார்த்தபடி கேட்டார். மூன்று நாளில் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"நீ அங்க யாரு வயல்ல நிக்கிற?"

கயல் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்து வீட்டுக்காரவுக வயல்லப்பா. பத்துப் பேரோட பேரும் எனக்குத் தெரியும்."

மச்சான் அவளைத் திரும்பிப் பார்த்தார். வரப்பில் முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால்.

நாலு மணிக்குக் கூட்டம். அதிகாரி நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். திரையில் படங்கள் ஓடின. வேகம் இவ்வளவு, நேரம் இவ்வளவு மிச்சம், செலவு இவ்வளவு... செலவைச் சொன்னபோது, அதில் எத்தனை சைபர் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, கூடம் சிரித்தது. அடுத்து எழுந்த ஒரு பெண்மணி சிரிக்கவில்லை. பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்பும்போது கக்கூஸ் ஓரமாகப் பிள்ளையோடு நின்றுகொண்டே போனவள் நான், இம்புட்டுப் பணத்தில் இருக்கிற ரயிலுக்கே நாலு பெட்டி சேர்க்கக்கூடாதா என்று கேட்டார். இரண்டும் வேண்டும் அம்மா என்றார் அதிகாரி. பதில் தப்பில்லை. ஆனால் யாருக்கும் மனசு நிறையவில்லை.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ரயில் வேண்டும் என்பதை நான் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனாலும்... என்று ஆரம்பித்து, அந்த "ஆனாலும்" எங்கேயும் போய்ச் சேராமல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பக்கமும் கை தட்டவில்லை. எழுதுகிறவனுக்கு இது ஒரு நல்ல மருந்து.

பிறகு கயல் எழுந்தாள். நேராகத் திரையில் இருந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், இந்தப் படத்துல எங்க கிணறு எங்க இருக்கு?"

அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கிணறு இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலும் இல்லை. மாடு போகிற தடமும் இல்லை. வெறும் பச்சை. அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு.

கயல் தான் யார், என்ன வேலை பார்க்கிறாள் என்று சொன்னாள். பிறகு அங்கே நடந்த ஒன்றைச் சொன்னாள். அவள் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு விவசாயி அம்மா தினமும் வந்து பாதையோரம் நிற்பாராம். ஒருநாள், இந்தப் பக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டாராம். இவள் வரைபடத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் மண்மேடு, தண்ணீர் போக வழியே இல்லை. மேலதிகாரிகளிடம் போய்ச் சொன்னபோது, இத்தனை நாள் கழித்து ஏன் சொல்கிறாய் என்று எரிச்சல்பட்டார்கள். இவள் விடவில்லை. கடைசியில் மேட்டுக்கு அடியில் தண்ணீர் போகப் பாலம் வைத்தார்கள்.

"நாம கேட்டாத்தான் சார் படத்துல வரும்," என்றாள். "அதனால இன்னைக்கே கேக்குறோம்."

அதிகாரி முகம் சுளிக்கவில்லை. லேப்டாப்பை மூடினார். நாளைக்கே வருகிறேன், நீங்களே காட்டுங்கள் என்றார்.

சொன்னபடி வந்தார். நானும் ஒருநாள் தங்கிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வெயில் சாயும்வரை காடு காடாக நடந்தார்கள். கயல் காட்டக் காட்ட ஒவ்வொரு கிணறும், வரத்துக்காலும், மாட்டுத்தடமும் படத்தில் ஏறின. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது யார் தெரியுமா? பெரியசாமி மச்சான். கோல் சாயாமல், ராணுவக்காரர் மாதிரி நின்றார்.

பாதை எந்த வழியில் போகும் என்பது தன் கையில் இல்லை, ஆனால் பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்புவேன் என்றார் அதிகாரி. திருத்திய படத்தில் கையெழுத்துப் போட்டு ஊருக்கு ஒரு காப்பியும் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஊரே உட்கார்ந்து ஒரு மனு எழுதியது. அதில் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தைகூட இல்லை. ரயில் இந்த வழியாகத்தான் வருமென்றால் மண்மேடு போடாமல் தூண் மேலே வரட்டும். வரத்துக்கால் ஒன்றுகூட அடைபடக் கூடாது. கிணறு போகிறவர்களுக்குத் தண்ணீரோடு மாற்று நிலம் வேண்டும். கூடவே, நின்று போகிற சாதாரண ரயில் ஒன்றும் எங்களுக்கு வேண்டும்.

கயல் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினாள். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லைப் பிடுங்கி எறியச் சொல்வார் என்று நினைத்துத்தான் ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அம்புட்டும் சரியா எழுதியிருக்க, கயலு."

அக்கா முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனாள். நானும் கொஞ்ச நேரம் மாமரத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

சரி... இத்தனை சைபர் போட்டு அதிவேக ரயில் தேவையா? நீங்கள் கேட்பீர்கள். தேவை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பெரிய விஷயங்களுக்கு ஆசைப்படாத ஊர் தேங்கிப்போகும். ஆனால் யார் காட்டின் வழியே போகிறதோ அவர்களைக் கேட்காமல் போட்டால், அது எவ்வளவு சல்லிசாக முடிந்தாலும் நமக்கு நஷ்டம்தான். கேட்டுவிட்டுப் போட்டால், எவ்வளவு செலவானாலும் தலை நிமிர்ந்து ஏறலாம்.

எனக்குப் பெருமை ரயிலைப் பற்றி இல்லை. அது இன்னும் வரவே இல்லையே. தூண் கட்டத் தெரிந்த ஒரு பெண்ணும், கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் ஊரும் நம்மிடம் இருக்கின்றன. இந்த இரண்டும் இருக்கும்போது நமக்கு எந்த வேகமும் பெரிதில்லை.

லீவு முடிந்து கயல் திங்கட்கிழமை கிளம்பினாள். கொட்டாம்பட்டியில் பஸ் ஏறி, மதுரையில் ரயில் பிடித்து, நடுவில் ஒரு ரயில் மாறி... அதிவேக ரயில் கட்டுகிறவள் வேலைக்குப் போய்ச் சேர இரண்டு நாள்!