நான் தொலைத்த அந்தோணிகளும் மேரிகளும்

என் பேரு ஸ்டெல்லா. டத்தோ கிராமாட் பிளாட்ல இருக்கேன். போன வருஷம் நம்ம சர்ச்சுல அந்தோணியார் திருவிழா கலைநிகழ்ச்சிக்கு நாலே நாள் இருக்கும்போது, நூத்திப் பன்னிரண்டு பேரோட டிக்கெட்ட ஒரே மத்தியானத்துல ரத்து பண்ணினது நான்தான். அன்னிக்கு நான் அழுத அழுகையை என் வீட்டுக்காரர் இன்னமும் நடிச்சுக் காட்டிச் சிரிக்கிறார். அன்னிக்கு ரெண்டு பேருக்குமே சிரிப்பு வரல.

பத்தொன்பது வருஷம் பேக்டரியில வேலை பார்த்தேன். ஒருநாள் எங்க பிரிவையே மூடிட்டாங்க. நாப்பத்தேழு வயசுல எவன் வேலை குடுப்பான்? வீட்லயே உக்காந்து கம்ப்யூட்டர்ல கத்துக்கிட்டு, நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிற சின்னத் தொழில ஆரம்பிச்சேன். டிக்கெட் சிஸ்டத்தோட ஒரு ஏஐ உதவியாளர இணைச்சேன். வாட்ஸ்அப்ல "நாலு டிக்கெட் வேணும்"னு எழுதினா போதும். அதுவே இடம் பார்த்து, பேரு பதிஞ்சு, கியூஆர் கோடு அனுப்பிடும். யாராவது விலகினா அந்த இடத்தக் காத்திருக்கிறவங்களுக்குக் குடுத்திடும். நம்ம ஃபாதர்தான் நம்பி முதல் வேலையக் கொடுத்தார். இது சொதப்பினா அடுத்து யாரும் என்ன நம்ப மாட்டாங்க, தொழில் அதோட முடிஞ்சது. அது எனக்கு நல்லாவே தெரியும்.

சர்ச் ஹால்ல நானூறு இடமும் நிறைஞ்சுது. தலகால் புரியல எனக்கு! சில பேர் அவசரத்துல ரெண்டு தடவ அமுக்கியிருந்தாங்க. சரி, சுத்தம் பண்ணலாம்னு அந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் உதவியாளர்கிட்ட எழுதினேன்: "ஒரே பேரு, ஒரே போன் நம்பர்ல ரெண்டு பதிவு இருந்தா ஒண்ண வச்சிட்டு மத்தத ரத்து பண்ணு." எழுதிட்டு நிம்மதியா டீ போடப் போயிட்டேன்.

ஐயோ, என் புத்திய எதால அடிக்கிறது! நம்ம சபையில ஒரு ஏரியாவுக்கு ஒரு பொறுப்பாளர்தான் எல்லாருக்கும் டிக்கெட் எடுப்பாங்க. ஒரே போன். அதுவும் அந்தோணியார் பேருல இருக்கிற சர்ச்! வீட்டுக்கு ஒரு அந்தோணி, ஒரு மேரி. பாலம் தாண்டி, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாசேக் கெலுகோர்ல இருந்து பிலோமினா அக்கா ஒரே போன்ல ஏழு அந்தோணிக்கும் பதினோரு மேரிக்கும் எடுத்திருந்தாங்க. உதவியாளர் ஒரு அந்தோணி, ஒரு மேரிய மட்டும் விட்டுட்டு மிச்சப் பேரத் தூக்கிடுச்சு. எல்லா ஏரியாவுக்கும் இதே கதி. அது மேல குத்தம் இல்ல. சொன்னதத்தானே செஞ்சுது.

டீ கொதிக்கிறதுக்குள்ள அந்த இடத்தையெல்லாம் காத்திருந்தவங்களுக்குக் கொடுத்தும் முடிச்சிட்டுது. லிட்டில் இந்தியா கடைக்காரங்க, அவங்க வீட்டு ஆளுங்கன்னு எல்லாரும் சந்தோஷமா நன்றி அனுப்புறாங்க. அவங்ககிட்ட எப்படித் திருப்பிக் கேப்பேன்?

பிலோமினா அக்கா போன் பண்ணினாங்க. "ஏன் ஸ்டெல்லா, எங்க ஆளுங்கன்னா அவ்ளோ இளக்காரமா உனக்கு? பாலம் தாண்டி வர்றவங்கதானேன்னு தூக்கிட்டியா?" நான் வாயத் திறக்கிறதுக்குள்ள வச்சிட்டாங்க.

சாயங்காலம் சர்ச்சுல, வாராவாரம் செவ்வாய்க்கிழமை நடக்கிற அந்தோணியார் நவநாள் ஜெபமும் பூசையும். முகத்த எங்க வச்சுக்கிறதுன்னு தெரியாமத்தான் போனேன். ஜெபம்னு கூடச் சொல்ல முடியாது, சண்டைதான் போட்டேன். "காணாமப் போனதக் கண்டுபிடிச்சுத் தருவீருன்னு சொல்றாங்களே அந்தோணியாரே. நான் உம்ம பேரு வச்சவங்களயே தொலைச்சிட்டு நிக்கிறேன். ஆண்டவர்கிட்ட எனக்காகப் பேசும். அவங்களுக்கு இடம் வேணும். எனக்கு இந்தத் தொழில் வேணும்." அப்புறம்தான் அழுகை வந்துச்சு. அழுது முடிச்சதும் நெஞ்சு லேசாச்சு. பூசை முடிஞ்சதும் நேரா ஃபாதர்கிட்டப் போய், தப்பு என்னோடதுன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். பொறுப்பாளர்கள் எல்லாருக்கும் அதையே குரல் பதிவாப் பேசி அனுப்பினேன்.

மறுநாள் காலையில பிலோமினா அக்கா பேரு போன்ல வந்துச்சு. எடுத்தேன்.

"நீ அனுப்பினதக் கேட்டேன்மா. தெரியாமத் திட்டிட்டேன், மனசுல வச்சுக்காத. ஹால்ல இடமில்லன்னா என்ன, சர்ச் திடல்ல இடமில்லையா? எங்க தாமான் குடியிருப்புல கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போடுற கூடாரம் இருக்கு, நாற்காலி இருக்கு, லாரி இருக்கு. மேடைய வெளிய போடச் சொல்லுலா!"

நான் ஹால் இருக்கைப் படத்தையே முறைச்சுக்கிட்டு இருந்தேன். ஆண்டவர் திடலக் காட்டினார். ஃபாதர் உடனே சரின்னுட்டார்.

அப்புறம் அக்காவும் மத்தப் பொறுப்பாளர்களும் நானும் போன்ல உக்காந்து ஆள் ஆளாப் பிரிச்சோம். அவங்க ஊர்ல கூப்பிடுற பேரச் சொல்லச் சொல்ல நான் உதவியாளருக்கு எழுதினேன். பஸ் அந்தோணி, தபால் அந்தோணி, மொட்ட அந்தோணி. அது நிமிஷத்துல நூத்திப் பன்னிரண்டு பேருக்கும் புது டிக்கெட் அனுப்பிட்டுது. ஆனா அந்தப் பேரையும் டிக்கெட்லயே அச்சடிச்சு அனுப்பிடும்னு நான் கண்டேனா! மொட்ட அந்தோணி அண்ணன் கோவிச்சுக்குவார்னு பயந்தேன். அவர் அத எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சார்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பெய்யலன்னு சொல்ல ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன், அஞ்சு நிமிஷம் தூறுச்சு. கூடாரத்துக்குள்ள நெருங்கி உக்காந்தாங்க, யாரும் எழுந்து போகல. வாசல்ல நின்னு டிக்கெட்ட ஸ்கேன் பண்ணிக்கிட்டிருந்தேன். தாசேக் கெலுகோர் பஸ் வந்து நின்னுச்சு. ஒவ்வொரு அந்தோணியா, ஒவ்வொரு மேரியா இறங்கி வந்து என் கையப் பிடிச்சுட்டுப் போனாங்க. கடைசியா பிலோமினா அக்கா வந்து என்னக் கட்டிப் பிடிச்சதும், நான் ஸ்கேன் பண்றத விட்டுட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன்.

அன்னிக்குக் காத்திருந்து இடம் கிடைச்சு வந்தவங்கள்ல ஒரு அண்ணன், இந்துக் கோயில் கமிட்டியில இருக்கிறவர். அடுத்த வாரம் அவங்க விழாவுக்கு டிக்கெட் போடக் கூப்பிட்டார். நடந்தத மறைக்காமச் சொன்னேன். "எங்க பக்கம் எத்தன முருகன், எத்தன லெட்சுமி தெரியுமாமா? அடிபட்டுக் கத்துக்கிட்ட ஆள்தான் எங்களுக்கு வேணும்"னுட்டார். இன்னிக்கு வரைக்கும் வேலை வந்துக்கிட்டே இருக்கு, தேவனுக்கு நன்றி. இப்ப என் உதவியாளர் என்னக் கேக்காம ஒரு டிக்கெட்டக் கூட ரத்து பண்ணாது. நானும் ஆண்டவரக் கேக்காம ஒரு வேலையில இறங்குறதில்ல.

உங்களுக்கும் ஏதாவது கை மீறிப் போயிருக்கலாம். ஜெபிக்க வார்த்தை வரலன்னு தள்ளிப் போடாதீங்க. கோபமா இருந்தா கோபத்தோடயே வாங்க, ஆண்டவர் கேப்பார். வர்ற செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு நான் மூணாவது பெஞ்சுல இருப்பேன். பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கிறேன், வந்து உக்காருங்க. அதுக்கு டிக்கெட் வேணாம்.