உடையாமல் தப்பிய கல்

பழைய பட்டுப்புடவைகளை வாங்கி, எரித்து, ஜரிகையிலிருக்கும் வெள்ளியை எடுத்து விற்பது பிள்ளையார்பாளையத்தில் என் தொழில். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து மறைந்த மாமனாரின் பெட்டியில், மஞ்சள் கோடு மின்னும் வெள்ளைக்கல் ஒன்று கிடைத்தது. தங்கத்தைப் பிரிக்கும் அவசரத்தில் சுத்தியலை ஓங்கிவிட்டேன்.

"அப்பா இத முழுசாத்தானே வெச்சிக்கினு இருந்தாரு? யாரையாவது கேட்டுட்டு உடைங்க!" என்று மனைவி கல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினோம். மஞ்சள் கோட்டை ஊசியால் குத்தினார். நொறுங்காமல் அமுங்கியது.

"அசல் தங்கம்தான்பா. உடைச்சா துளிதான் தேறும். இப்படியே இருந்தா, கல் சேகரிக்கிறவங்க பல மடங்கு தருவாங்க" என்றார்.

இப்போதெல்லாம் எந்தப் புடவையையும் முழுதாக விரித்துப் பார்க்காமல் அடுப்பில் போடுவதில்லை. அப்படித் தப்பிய ஒன்றைத்தான் போன வாரம் மனைவி ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனாள்.