ஒற்றுமை செட்

"…அந்தத் தொப்பி மட்டும் வேணாம்ப்பா. மரம், மயிலு, வேற என்னமாச்சும் ஆக்கி விடுங்க இவன."

சொன்னது என் மகள். சொன்ன இடம் என் கடை. இராமநாதபுரத்தில் பள்ளிக்கூட விழாக்களுக்கு வேஷத்துணி வாடகைக்கு விடுகிறேன். ராஜா, போலீஸ், புலி, பூசணிக்காய் என்று சகலரும் என் இரும்புப் பெட்டிகளுக்குள் அந்துருண்டையோடு படுத்திருப்பார்கள். அதில் 'ஒற்றுமை செட்' என்று ஒன்று உண்டு. வேட்டியும் விபூதிப்பட்டையும் ஒருவனுக்கு, தொப்பியும் கைலியும் ஒருவனுக்கு, சிலுவை தொங்கும் வெள்ளை அங்கி ஒருவனுக்கு. மூன்று பிள்ளைகள் கைகோத்து நின்றால் மேடைக்குக் கீழே கைதட்டு அள்ளும். யு.கே.ஜி. படிக்கும் என் பேரனுக்கு அவன் மிஸ் தொப்பி வேஷத்தைக் கொடுத்துவிட்டார். அவனோ தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆடிக்கொண்டிருந்தான்.

தையல் மிஷினில் இருந்த காசிம் மிதிப்பதை நிறுத்தினான். அந்தத் தொப்பியைத் தைத்தவனே அவன்தான். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், கடையில் கூட்டாளி, என் மகளுக்கு மாமா. இவன் முகத்துக்கு நேரே இதை எப்படி முடிக்கப் போகிறாளோ என்று நான் திறந்திருந்த பெட்டிக்குள் தலையை விட்டுத் துழாவினேன்.

இந்த மாதிரி நேரத்தில் என் புத்தி வேறெங்காவது ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும். அந்துருண்டை நாற்றம் பொறுக்காமல் காசிம் பெட்டிகளில் ஒரு சொட்டு அத்தர் தடவி வைப்பான். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு புத்தி ஓடியது.

கடலோரத்து எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை மதியம் இந்த வாசனைதான். பாதி வகுப்பு ஜும்மா தொழப் போய்விடும். மீதிப் பேருக்கு வாத்தியார் புதுப் பாடம் எடுக்கவே மாட்டார். "அவிங்க வரட்டும்லே. வந்தவனுக்கு ஒண்ணு, வராதவனுக்கு ஒண்ணுன்னு நடத்த நான் என்ன ரெண்டு வாத்தியாரா?" என்பார். வாய்ப்பாடு எழுதுகிற சாக்கில் நாங்கள் வாசலையே பார்த்துக் கிடப்போம். ஈரக் கையும் வெள்ளைச் சட்டையுமாய் வருவார்கள். "ஏலே, இன்னைக்கு என்னத்தக் குடுத்தாக?" என்று பாய்வோம். காசிம் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் வரும். பழத்தைவிடப் பையின் நூல்தான் அதில் அதிகம் ஒட்டியிருக்கும். தின்று முடித்த பிறகுதான் பாடம்.

சண்டை இல்லையா என்று கேட்காதீர்கள். என் முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது. நான் சிரிக்கும்போதெல்லாம் காசிமின் கைவண்ணம் ஊருக்கே தெரியும். எட்டாவதோடு படிப்பு என்னைக் கைகழுவிவிட்டது. அதனால் அந்தக் காத்திருப்புக்கு என்ன பெயர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரும் அதை எங்களுக்குப் பாடமாக நடத்தவுமில்லை.

மகளுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது. மகரிபு தொழுகை முடிகிற அந்தி நேரத்தில் பள்ளிவாசல் படியோரம் எல்லாச் சாதித் தாய்மார்களும் பிள்ளைகளை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். என் மனைவியும் நிற்பாள். உள்ளேயிருந்து வரும்போதே, முன்னால் போகிற தாடிப் பெரியவரைப் பார்த்துக் காசிம் சத்தம் போடுவான்: "மாமு, நம்ம புள்ள நிக்கிது, ஊதாமப் போயிறாதீக!" மருந்து கேட்டதோ, மூச்சு கேட்டதோ, இழுப்பு நின்றது. அதற்குப் பிறகும் அவள் அங்கே போக அடம்பிடிப்பாள். "தாடித் தாத்தா ஊதுனா கூசுதுப்பா" என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பாள்.

அவளிடம்தான் இப்போது கெஞ்சினேன். "விளையாட்டுக்குத்தானம்மா?"

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டுத்தான். போட்டோ எடுத்து குரூப்புல போடுவாக. அவுக வீட்ல பாத்துட்டு நாலு கேள்வி கேப்பாக. நீங்களா வந்து பதில் சொல்லப் போறீக?"

புகுந்த வீடு கமுதிப் பக்கம். அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவளுடையதேதான். பேசி முடிக்கும் வரை காசிம் பக்கம் திரும்பவேயில்லை.

அவளை மட்டும் சொல்வானேன். போன வருஷம் வேறொரு பள்ளியிலிருந்து வந்த தாய், தன் பிள்ளைக்கு விபூதிப்பட்டை வேண்டாம் என்று இதே இடத்தில் நின்று மன்றாடினாள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று ஆகிவிட்டது. பேரன் வகுப்பில் தொப்பி போடும் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் என்னிடம் தொப்பியை வாடகைக்கு எடுக்க வருகிறார்கள். ஊர் பிரியப் பிரிய என் கடை ஓடுகிறது. இந்தப் பிழைப்பை எங்கே கொண்டுபோய்ச் சொல்ல? வெள்ளிக்கிழமை யாருக்காகவும் எந்தப் பாடமும் நிற்பதில்லை. அந்தியில் பள்ளிவாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். படியோரம் செருப்புகள் கிடக்கின்றன. பிள்ளை ஏந்தி ஒருத்தியும் நிற்பதில்லை.

காசிம் எழுந்து வந்தான். "விடு மாப்ள. சின்னப் பய, தொப்பின்னா பயந்துக்கிருவான்."

"நான் பயப்படலயே!" என்றான் பேரன், தொப்பியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு.

மகள் அந்த விரல்களைப் பிரித்துத் தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தாள்.

காசிம் சிரித்தான். "சரித்தா, மரமே ஆக்கிருவோம். வாங்க பேராண்டி, அளவக் குடுங்க." கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டு பையன் முன்னால் மண்டி போட்டான்.

"இருக்கட்டும் மாமா. நானே எடுத்துக்குறேன்."

அவன் கையிலிருந்து டேப்பை மெல்ல வாங்கினாள். பையனைத் தன் பக்கமாய் இழுத்து நிறுத்தி, தலைமாடு கால்மாடு தெரியாமல் டேப்பைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு, அவனை அளக்கத் தொடங்கினாள்.