எங்கள் வீட்டு உதடு

சிதம்பரத்துப் பல் டாக்டரம்மா என் மேலுதட்டைக் கையுறை விரலால் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. ஆடிய பல்லைப் பிடுங்கத்தான் கடலூரிலிருந்து போயிருந்தேன். அவரோ பல்லை விட்டுவிட்டார். ஈறு, உதடு, நாக்கு என்று சேற்று வரப்பில் நடப்பவரைப்போல மெல்ல மெல்லப் பார்த்தார். எங்கும் சின்னச் சின்னப் பருக்கள், ஜவ்வரிசி ஒட்டியதுபோல.

"இது உங்க வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

"அப்பாவுக்கு இருந்துச்சு, அத்தைக்கு இருந்துச்சு. அக்காவுக்கு இருக்கு. எங்க குடும்ப அடையாளம் மேடம்," என்றேன், பெருமையாகத்தான். பிள்ளைகள் வளர்ந்து உதடு சொரசொரத்தால் நம்ம ரத்தம் என்று சிரித்துக்கொள்கிற வீடு எங்களுடையது.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"மார்புல கட்டி வந்து போயிட்டாங்க. நாப்பதுகூட ஆவல."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பருவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், பிறகு ரத்தத்தையும். வாயிலிருப்பவை தீங்கில்லாத கட்டிகள்தாம். அவற்றை முளைக்கவைக்கும் பரம்பரைக் கோளாறுதான் மார்பிலும் தைராய்டிலும் புற்றை உண்டாக்கலாம் என்றார். அக்காவை உடனே வரச் சொன்னார்.

கீரப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா மறுத்துவிட்டாள். "பரம்பர நோவுன்னு வெளிய தெரிஞ்சா எம்பொண்ண எவன்டா கட்டுவான்?"

மாமா வேறு, "பல்லு புடுங்கப் போனவன் குடும்பத்தையே புடுங்கிட்டு வந்துட்டான்" என்றார்.

ஒரு ஞாயிறன்று டாக்டரம்மா ஸ்கூட்டியில் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். காபி குடித்தார். அக்கா கொட்டியதையெல்லாம் கேட்டார். பிறகு கேட்டார்:

"கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு பக்கத்துல யாரு நிக்கணும்க்கா? நீங்களா, மால போட்ட உங்க போட்டோவா?"

அக்கா விருட்டென்று உள்ளே போனாள். கோபம் என்றுதான் நினைத்தோம். புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"போலாம்."

"இன்னிக்கு லீவுக்கா, நாளைக்கு வாங்க," என்று சிரித்தார் டாக்டரம்மா.

அக்காவுக்கும் மார்பில் கட்டி இருந்தது, கைக்கே தட்டுப்படாத அளவில். அப்போதே எடுத்துவிட்டார்கள். சம்பந்தியிடம் அக்காவே எல்லாம் சொல்லித்தான் பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள்.

டாக்டரம்மா இப்போது எங்கோ வெளியூரில். நான் நன்றி சொன்னபோதெல்லாம் கையை உதறிச் சிரித்தவர். அத்தையின் குரல், எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. இன்று காலை அக்கா போனில் திட்டினாள். கடலூர் செம்மண்டலத்து என் வீடே அதிர்ந்தது. "வருசா வருசம் செக்கப்புக்குப் போவச் சொன்னா போவமாட்டியா நீ? எரும!" பின்னால் அவள் பேத்தியின் அழுகை, குக்கர் விசில். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"லைன்ல இருக்கியாடா?"

"இருக்கேன்க்கா. நீ பேசு."