நெற்றியில் போட்ட ஊசி

போன வருஷம் ஆவணியில், மகள் கல்யாண அழைப்பிதழ் கொடுக்கக் கன்னியாகுமரிப் பக்கம் போன நானும் மனைவியும், கொஞ்சம் காற்று வாங்கலாமே என்று வட்டக்கோட்டை மேல் ஏறினோம். அங்கே நின்ற ஒரு வெளியூர்ப் பெண்ணிடம் போனைக் கொடுத்து எங்களை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அவள் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி என் மனைவியிடம், “அக்கா, அப்பாவ இன்னும் கொஞ்சம் ஒட்டி நிக்கச் சொல்லுங்க” என்றாள்.

எனக்கு ஐம்பத்தேழு வயது, மனைவிக்கு ஐம்பத்திரண்டு. இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் கட்டட ஃபோர்மேனாக வெயிலில் நின்றவன் நான். நெற்றியில் உழுது போட்ட மாதிரி வரிகள், தாடையில் தொங்கல், கண்ணுக்குக் கீழே இரண்டு பை. அவளுக்கோ இன்னும் ஒரு கோடு விழவில்லை. வீடு வந்து சேரும்வரை சிரித்தாள். மகளிடம் சொல்லிச் சிரித்தாள், பக்கத்து வீட்டிலும் சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது வேறு விஷயம். ஊரே கூடும் கல்யாணத்தில் அவள் பக்கத்தில் அப்பா மாதிரி நிற்க எனக்கு மனசில்லை.

எதையும் ஆறப்போடுகிற ஆள் நான் இல்லை. போனில் படித்துப் பார்த்தேன். முகத்தைச் சரிசெய்ய இரண்டு வழி: கத்தி அல்லது ஊசி. கத்திதான் என்று முடிவு கட்டினேன். விரிசல் விட்ட சுவரை மேலே பூசி மறைப்பதில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை கிடையாது, இடித்துக் கட்டினால்தான் நிற்கும். கூட வேலை பார்த்த நண்பனைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் திருவனந்தபுரம் போனேன்.

அங்கே முகச் சிகிச்சை ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த பெண் மருத்துவர் என் கன்னத்தைக் கிள்ளி இழுத்துப் பார்த்தார். தாடைக்கும் கண் பைக்கும் கத்திதான் சரி, ஊசியால் ஆகாது என்று ஒத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். இருபத்தைந்து நாள் என்றேன். காதோரம் தையல், வீக்கம், கன்றிய நிறம் எல்லாம் அடங்க அதற்குமேல் ஆகலாம், எனக்கு பிரஷரும் இருக்கிறது, இந்த அவசரத்தில் கத்தி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நெற்றி வரிக்கு மட்டும், தசையை அசையவிடாமல் வைக்கிற ஊசி போடலாம், மூன்று நான்கு மாதத்தில் அதன் வேலை தானாகத் தீர்ந்துவிடும் என்றார். அரை மனசோடு தலையாட்டினேன். வேலை பத்தே நிமிஷத்தில் முடிந்தது. நெற்றியைத் தேய்க்காதீர்கள், நாளை வரை தொப்பி, ஹெல்மெட் என்று எதையும் தலையில் இறுக்கமாக மாட்டாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அட்சரம் பிசகாமல் கேட்டேன். ஹெல்மெட் போடக் கூடாதே என்று நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த பைக்கை அப்படியே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஊர் வந்தேன். இறங்கியதும் நேரே எங்கள் ஊர் நிழல்தாங்கலுக்குப் போனேன். நாங்கள் அய்யா வழிக்காரர்கள், நிழல்தாங்கல்தான் எங்களுக்குக் கோயில். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூட நான் அங்கே போகத் தவறியதில்லை. ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். கருவறை மாதிரி இருக்கும் பள்ளியறையில் சிலை கிடையாது. விளக்குக்குப் பின்னால் ஒரு கண்ணாடிதான். அன்று நான் தலைப்பாகையை எப்போதும் போல நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிட்டேனா என்று கேட்டால் நினைவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் மனைவி காப்பியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இஞ்ச பாருங்க. கண்ணத் தொறங்க.”

“தொறந்துதான இருக்கேன்.”

என் வலது இமை பாதிக்குமேல் ஏறவில்லை. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கவாதம் என்றே முடிவு செய்துவிட்டாள். மகளைக் கூப்பிட்டு, காரைப் பிடித்து, நாகர்கோவில் போகும்வரை என் கையை விடவில்லை. “கைய அமுக்குங்க, இன்னும் அமுக்குங்க” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஊசியாக இருக்குமோ என்று எனக்குக் காரில் ஏறின உடனேயே தோன்றியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மானம் போய்விடுமே என்று இருந்தேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். புருவத்தை ஏற்றி நெற்றியைச் சுருக்கச் சொன்னார். நானும் முக்கிப் பார்த்தேன். நெற்றி இரண்டு பக்கமும் சலவைக் கல் மாதிரி அசையாமல் கிடந்தது. அவர் என்னையே பார்த்தார். பிறகு மனைவியையும் மகளையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மெதுவாக, “அண்ணாச்சி, நெத்தியில ஊசி எதுவும் போட்டியளா?” என்று கேட்டார்.

வெளியே வந்து நானே சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தா, சுற்றிலும் ஆட்கள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். மனைவி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

“இருவத்திரெண்டு வருசமா ஒங்க மொகத்த ரெண்டு வருசத்துக்கு ஒருக்கத்தான் பாத்தேன். இப்பதான் நெதம் பாத்துப் பழகுதேன். அதுக்குள்ள மாத்தப் போயிட்டியளே.”

கட்டட வேலையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், எதற்கும் நான் கலங்கியதில்லை. அன்று கலங்கினேன்.

திருவனந்தபுரத்து மருத்துவருக்குப் போன் செய்தேன். மருந்து இமைக்கு இறங்கி இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு, காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றவர், தலையில் எதையாவது இறுக்கினீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை, பைக்கையே விட்டுவிட்டு வந்தேன் என்று சத்தியம் பண்ணினேன். போனை வைத்த பிறகுதான் தலைப்பாகை நினைவுக்கு வந்தது. தொப்பியும் ஹெல்மெட்டும் தலையில் மாட்டுகிற சாமான்கள். தலைப்பாகை அந்தக் கணக்கிலேயே என் மனசில் இல்லை. திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். கூடவே, கத்தியால் இமையைத் தூக்கிவிட முடியுமா என்றும் கேட்டேன். சில வாரத்தில் தானாகச் சரியாவதற்குக் கத்தியா என்று அதட்டி, ஒரு சொட்டு மருந்தை மட்டும் போனில் எழுதி அனுப்பினார். முதல் நாள் நான் கேட்டபடி கத்தியைத் தொட்டிருந்தால் இப்படிக் காத்திருந்து சரியாக்கும் வழியே இருந்திருக்காது. இதை யார் கேட்டாலும் இப்போது நான் தைரியமாகச் சொல்கிறேன்.

கல்யாணத்தன்றும் இமை முழுசாக ஏறவில்லை. பெண்ணின் அப்பாவாகத் தலைப்பாகையோடு, ஒற்றைக் கண்ணோடு நின்றேன். வருகிறவர்களெல்லாம் கண்ணுக்கு என்ன என்று கேட்டார்கள். நான் பதில் தேடுவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். “அது ஒண்ணுமில்ல. காலையிலேருந்து என்னப் பாத்துக் கண்ணடிச்சிட்டு நிக்காரு.”

அந்தச் சிரிப்பில் எடுத்த படம்தான் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இமை ஏறிவிட்டது, நெற்றி வரிகளும் பழையபடி வந்துவிட்டன, நான் அவற்றைத் திரும்ப விரட்டவில்லை. படத்தில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள், நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்து நிற்கிறேன். அதைப் பார்க்கிற எவரும் என்னை அவளுடைய அப்பா என்று சொல்ல மாட்டார்கள்.