ஓசூர் சாவடியில் என் வைப்ரஃபோன்

பெங்களூரிலிருந்து காலை ஏழு மணிக்கு பஸ் புறப்பட்டது. 1956, மாசி மாதம். பஸ்ஸின் மேல்தட்டில், நான்கு சாக்குக் கட்டுகளாக என் வைப்ரஃபோன். ஊர் திரும்பிய ஓர் ஆங்கிலேய வாத்தியக்காரரிடம் வாங்கியது. வரிசையாக உலோகக் கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே அடி மூடிய குழாய். நூல் சுற்றிய கோலால் தட்டினால் நாதம் நீந்திக்கொண்டே போகும்.

மறுநாள் சென்னையில் பாட்டுப் பதிவு. டிரம் வாசிக்க என் நண்பன் வரதன் உடன் வந்தான். கட்டுகளைக் கட்டியதும் அவன்தான்.

ஓசூர் இருபத்தைந்து மைல். எட்டேகாலுக்கு எல்லை தாண்டியதும் மதுவிலக்குச் சாவடியில் நிறுத்தினார்கள். ஏட்டு மேலே ஏறிச் சாக்கைத் தடவினார்.

"யாருது இது? குழாய் குழாயா இருக்குதே, உள்ள என்னா?"

"வாத்தியம்ங்க. என்னுதுதான்" என்றேன்.

"எறக்கு. ஒவ்வொண்ணா ஒடச்சுப் பாத்துடலாம்."

குழாய் நெளிந்தால் நாதம் போய்விடும். குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போகும் மாட்டு வியாபாரி ஒருவர் ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏட்டய்யா, வாசிக்கச் சொல்லுங்க. வாத்தியமா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

கட்டுகளை இறக்கி, புளியமரத்தடியில் வாத்தியத்தைப் பூட்ட ஆரம்பித்தேன். குழாய் வரிசையைத் தூக்கியபோது, மிக நீளமான குழாய்க்குள் ஏதோ புரண்டது. மெல்லிய கண்ணாடிச் சத்தம். பஸ்ஸைப் பார்த்தேன். வரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் புரிந்தது, உள்ளே சாராயப் பாட்டிலை ஒளித்தது அவன்தான் என்று. வாத்தியம் என்னுடையது என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். பிடிபட்டால் சிறைக்குப் போவது நான்.

வாசித்தேன். வலது ஓரத்துச் சிறிய கட்டைகளில் மட்டும். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஏட்டின் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு இடது ஓரத்தைக் காட்டினார்.

"அந்தக் கடேசி பெரிய கட்டையத் தட்டலியே?"

அதன் குழாயில்தான் பாட்டில். ஓங்கித் தட்டினால் கிணுகிணுத்துவிடும். வாத்தியத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தேன். மிதி மேலே எழும்பினால் கட்டைகளில் கம்பளி படிந்து நாதத்தை அமுக்கிவிடும். மெதுவாகத் தட்டினேன். 'டொக்' என்றது.

"இது மட்டும் ஏன் செத்த மாதிரி கேக்குது?"

"பழைய சாமான்ங்க. கடைசிக் கட்டை அப்படித்தான்."

அவர் என்னையே பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். "சரி, கட்டிக்கினு போ" என்றார் ஏட்டு.

பஸ் சூளகிரியைத் தாண்டியது. அப்புறம் கேட்டேன்: "என்னைப் பிடிச்சிருந்தா என்னடா பண்ணியிருப்பே?"

"சொல்லிடலாம்னுதான் எழுந்தேன். கால் வரலை. அது இல்லாம என் கை நிக்காதுடா. நாளைக்குப் பதிவாச்சே." நீட்டிக் காட்டினான். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பத்தரை மணிக்குக் கிருஷ்ணகிரி. வண்டி மாற இறங்கினோம். குழாயின் அடிமூடியைத் திருகிப் பாட்டிலை எடுத்து அவனிடமே கொடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தவன், சாக்கடையில் கவிழ்த்தான். பிறகு, "நான் வரலை. வேற ஆளப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, ஓசூர் பஸ்ஸை நோக்கி நடந்தான். நான் கூப்பிடவில்லை.

நண்பனைக் காப்பாற்றினேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். புளியமரத்தடியில் அவன் நினைப்பு எனக்கு ஒரு கணமும் வரவில்லை என்பதை இங்கேதான் முதன்முறையாக எழுதுகிறேன்.