செல்வராணியின் கொப்பியில் பன்னிரண்டாம் இலக்கம்

செல்வராணி போய்விட்டாள் என்ற செய்தி, காலையில் வேலைக்குப் போக எங்கள் ஊரான சல்லியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தது. துறைமுகத்தடியில் உள்ள எங்கள் மீன் பதனிடும் தொழிற்சாலையில் மீன் வெட்டும் ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். அவளுடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். ஏனென்று வாசிக்கும்போது விளங்கும். "டெங்கு அக்கா. ஆசுப்பத்திரியில ரெண்டு நாள்தான் இருந்தவள்" என்றாள். நான் அழவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "கொப்பி எங்க?" என்றுதான் கேட்டேன்.

அது தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்களின் பெயர்களைச் செல்வராணி எழுதிவைத்த கொப்பி. சங்கம் தொடங்கப் போகிறார்கள் என்ற கதை அடிபட்டபோது எங்கள் முகாமையாளர் கோபப்படவில்லை. எல்லாருக்கும் பற்றிசும் தேத்தண்ணியும் தந்து, நாங்கள் ஒரு குடும்பம் என்றார். ஊழியர் நலன் சபை என்று ஒன்றை அமைத்துத் தானே தலைவரானார். பிறகு, சங்கத்தை ஏற்க வேண்டுமென்றால் பெயர்ப் பட்டியலைத் தாருங்கள் என்றார். செல்வராணி சிரித்தாள். "பேரை வாங்கிக்கொண்டு போய் அவர் கோயில்ல அர்ச்சனையா செய்யப் போறார்?"

பட்டியல் கிடைக்காததால் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வார். பிள்ளைகள் எத்தனை, எங்கே படிக்கிறார்கள் என்று அன்பாக விசாரிப்பார். அந்தக் கதிரையில் இருந்துவிட்டு வந்தவர்கள் அதற்குப் பிறகு எங்களோடு கதைப்பதில்லை. செல்வராணி மட்டும் அதில் இருக்கவில்லை. "நாங்கள் நாள் முழுக்க நிண்டுதானே சேர் வேலை செய்யிறம், பழகிட்டுது" என்றாளாம்.

அடுத்த கிழமை அவளை மீன் உறையவைக்கும் குளிர் அறைக்கு மாற்றினார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். அலுவலகத்தில் என் வேலை அதுதான். கையில் கொடுத்தபோது வாசித்துவிட்டு, "புவனாக்கா, வடிவா அடிச்சிருக்கிறீங்கள்" என்றாள். என்னைவிடப் பதினொரு வயது இளையவள். கழிப்பறைக்குள் போய் அழுதேன். பின்னேரம் வாசலில் அவளை மறித்து, "என்ர பேரையும் போடு" என்றேன். "எனக்குச் சரியான பயம்" என்றும் சொன்னேன்.

"பயப்பிடுற ஆக்கள்தான் அக்கா கவனமா இருப்பினம்" என்று சொல்லிக் கொப்பியில் எதையோ எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து முகாமையாளரின் அறை மணி அடித்தால் தட்டச்சில் பிழை விடுவேன்.

லிங்கநகரில் அவளுடைய செத்த வீட்டுக்கு முகாமையாளர் மலர்வளையத்தோடு வந்தார். அவள் கணவரின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். பிறகு என்னருகே வந்து, "புவனேஸ்வரி, தொழிற்சாலையில இருக்கிற அவவின்ர அலுமாரியை நாளைக்கு நீங்களே ஒதுக்குங்கோ. கொப்பி, கடதாசி ஏதும் இருந்தால் முதல்ல எனக்குக் காட்டுங்கோ" என்றார். "ஓம் சேர்" என்றேன். கணவர் அலுமாரித் திறப்பை என் கையில் தந்தார்.

மறுநாள் திறந்தபோது உள்ளே றப்பர் சப்பாத்தும் குளிருக்குப் போடும் சுவெற்றரும் இருந்தன. சுவெற்றரின் கைக்குள் கொப்பி. முதலில் பதினொரு பெயர்கள். பன்னிரண்டாம் இலக்கத்துக்கு நேரே ஒன்றுமில்லை. பதின்மூன்றில், எனக்கு அடுத்த நாள் சேர்ந்தவளின் பெயர். செல்வராணி என்னை எழுதவே இல்லை. எனக்கு இடம் மட்டும் விட்டுவைத்திருந்தாள். மூன்று மாதம் நான் நடுங்கியது இல்லாத ஒரு பெயருக்காக. அந்த நேரம் எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கொப்பியைச் சேலைக்குள் செருகிக்கொண்டு போய், "சப்பாத்தும் சுவெற்றரும்தான் சேர்" என்றேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதும் எழுதித் தாருங்கள் என்று அவள் கணவர் கேட்டார். எழுதுமுன் கொப்பியை எடுத்து, பன்னிரண்டுக்கு நேரே என் பெயரை எழுதினேன். வடிவாக வரவில்லை. கொப்பி இப்போது என்னிடம் இல்லை. இருக்கும் இடத்தைச் சொல்லவும் மாட்டேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, எனக்காக அவள் விட்டுவைத்த அந்த ஒரு வரியை மட்டும்தான்.

இந்த மலர் முகாமையாளரின் மேசைக்கும் போகும். மணி அடிக்கும். கதிரையைக் காட்டுவார். எனக்குப் பயம் வரும், அது நிச்சயம். நின்றுகொண்டே பதில் சொல்லப் பார்க்கிறேன்.